தூக்கி இழுக்கணும்

"இந்த டப்பாவை யார் தலையிலாவது கட்டினாத்தான் எனக்கு நிம்மதி தம்பி" என்றபடி மனைவி காரின் உறையை உருவினாள்.

வாசல் நாற்காலியில் இருந்து அவர் முறைத்தார். ஏ.சி. இல்லை, ரேடியோ இல்லை, ஆனால் ஒரு நாளும் நடுவழியில் கைவிடாத கார். இதை விற்கவா துணிந்துவிட்டாள்?

"ரிப்பேர் நிறைய வருமாக்கா?" வந்திருந்த இளைஞன் கேட்டான்.

"அடிக்கடி இறங்கித் தள்ளணும்."

அபாண்டம். அவர் பல்லைக் கடித்தார்.

"மைலேஜ்?"

"லிட்டருக்கு எட்டு குடுத்தா பெரிசு. யானைக்குத் தீனி போடற மாதிரி."

தலைப்பிரசவத்துக்கு இவளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததே இந்தக் கார்தான். அதைக்கூடவா மறந்தாள்?

இளைஞன் கதவைப் பிடித்து வெடுக்வெடுக்கென்று இழுத்தான். "திறக்கவே மாட்டேங்குதே. கடப்பாரை இருக்கா? நெம்பிடலாம்."

"உள்ளே இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று மனைவி திரும்பினாள்.

கடப்பாரையா? அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"தூ... தூக்கி... இழு!"

மனைவி அப்படியே நின்றாள். கண்களில் பொலபொலவென்று நீர். "டாக்டர், பேசிட்டார். பக்கவாதம் வந்து நாலு மாசத்துல இதுதான் முதல் பேச்சு."

இளைஞன் அவர் முன் குனிந்தான். "சார், நான் பேச்சுப் பயிற்சி டாக்டர். எதைச் சொன்னா உங்களுக்கு ரோஷம் வரும்னு கேட்டேன். அக்கா யோசிக்காம காரைக் காட்டிட்டாங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். உதடுகள் மறுபடி துடித்தன.

"லிட்டருக்கு... இரு... பது."