படியிறங்குகிறவள்

சாப்பாட்டு வேளை. கிடங்கில் மூட்டை தூக்கும் நாங்கள் ஐந்து பேரும் ஒரு செல்போனைச் சுற்றிக் குந்தியிருக்கிறோம். கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே வரும் வெயில் திரையில் விழாமல் எங்களோடு சாப்பிடும் லாரி ஓட்டுநர் கையால் மறைக்கிறார். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்த நான், ஒரு மாதமாக மத்தியானங்களில் இவர்களுக்கு வாசித்துக்காட்டும் தமிழில் வந்த ஜப்பான் பேய் மங்கா படக்கதை, இப்போது அனிமே கார்ட்டூனாக வந்திருக்கிறது. புத்தகத்தில் மாடியிலிருந்து பக்கத்துக்கு ஒரு படி இறங்குவாள் அந்தப் பேய்ப்பெண். விரல் வைத்து நான் எழுத்துக் கூட்டி முடிக்கும்வரை, எடுத்த கவளம் ஒருவர் வாய்க்கும் போகாது. திரையிலோ கால் அசையாமல் வழுக்கிக்கொண்டு வருகிறாள். "யாருப்பா இவளைத் தள்ளுவண்டில வெச்சுத் தள்றது?" என்கிறார் ஓட்டுநர். சிரிப்பு தகரத்தில் மோதித் திரும்புகிறது. "இதுக்கா பயந்தோம்?" என்கிறான் போன வாரம் தனியாகக் கழிப்பறைக்குப் போக மறுத்தவன். "பயம் பேய்ல இல்லடா. அண்ணன் திக்கித் திக்கிப் படிச்சாரு பாரு, அதுல இருந்துச்சு" என்கிறான் இன்னொருவன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். "மிச்சத்தைப் படிக்கட்டுமா?" என்று கேட்கிறேன். "எதுக்குண்ணே சிரமம்? இதுலயே பாத்துக்கறோம்." என் மடியில் விரித்த புத்தகத்தில் அவள் இன்னும் ஏழு படி இறங்க வேண்டியிருக்கிறது.