மூக்கில் வந்த விருந்தாளிகள்

துண்டு துண்டாக ரயிலில் வந்து, துறைமுகத்தில் பொருத்தப்பட்டுக் கடலில் இறங்கியது ஒரு குட்டி ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல். அதன் வயிற்றில் பதினான்கு மாலுமிகள், மூக்கில் பெரிசும் சின்னதுமாக இரண்டு டார்பிடோ குண்டுகள்.

"உங்க கனத்துல என் மூக்கே ஒடிஞ்சிரும். வந்து எத்தனை நாளாச்சு? எப்பதான் கிளம்புவீங்க?" என்று நீர்மூழ்கி தினமும் டார்பிடோக்கள் மேல் எரிந்து விழும்.

ஒருநாள் எதிரியின் போர்க்கப்பல் ஒன்று வந்தது. நீர்மூழ்கி தண்ணீருக்கடியில் சத்தமில்லாமல் நெருங்கி, பெரிய டார்பிடோவை வெளியே தள்ளியது.

"விட்டது சனி!" என்றது.

சொல்லி வாய் மூடவில்லை. கனம் குறைந்த மூக்கு ஜிவ்வென்று எழும்பித் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. டார்பிடோவோ குறி தப்பிப் போயிருந்தது. போர்க்கப்பலின் பீரங்கிகள் நிதானமாக இந்தப் பக்கம் திரும்பின.

உள்ளே பதினான்கு மாலுமிகளும் விழுந்தடித்து ஓடிவந்து மூக்கில் குவிந்தார்கள். குண்டு வந்து விழுவதற்கு ஒரு நொடி முன்னால் நீர்மூழ்கி முங்கியது.

பிறகு சின்ன டார்பிடோ தொண்டையைக் கனைத்தது.

"உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டேண்ணே. நானும் கிளம்பறேன்."

"அட, என்ன தம்பி அவசரம்?" என்று பதறியது நீர்மூழ்கி. "இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போகலாமே!"