ஜோடிக் குதிரை

மேஜைக்கு வந்த முதல் தட்டைப் பார்த்ததும் சின்னவன் மூக்கைச் சுளித்தான். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவன் அவசரமாகக் கடிகாரத்தைப் பார்த்தான்.

தட்டு தாம்பாளம் அளவு. நடுவில் கட்டைவிரல் நகத்தளவு ஒரு காளான் துண்டு, சுற்றிலும் வெள்ளை நுரை. கோட்டுப் போட்ட சர்வர் அந்தக் காளானின் பூர்வீகத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அது ஆறிவிட்டது.

"இது கழுவினதா?" என்றான் சின்னவன்.

"நல்லா கழுவினது சார்."

"அப்போ சோப்பு நுரையைத் துடைக்காம ஏன் கொண்டு வந்தீங்க?"

தட்டு சமையலறைக்குத் திரும்பிப் போனது.

பெரியவன் அக்காவைக் கட்டியவன், சின்னவன் தங்கையைக் கட்டியவன். மாமனார் போகும்போது ஆளுக்கொரு பழைய வெள்ளிக் குதிரையை விட்டுப் போயிருந்தார். வலது காலைத் தூக்கியது பெரியவனுக்கு, இடது காலைத் தூக்கியது சின்னவனுக்கு.

"தனியா வந்தா வெறும் வெள்ளி. ஜோடியா கொண்டு வாங்க, ஆயுசுக்கும் வேலைக்குப் போக வேண்டாம்" என்றார் பழம்பொருள் கடைக்காரர்.

வேலைக்குப் போகாமல் இருப்பதில் பெரியவனுக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டு. கிடங்கில் இரவுக் காவல் பார்த்தவன். குறட்டைச் சத்தம் முதலாளி காதுவரை போனதும், அவர் அனுப்புவதற்கு முன் தானே விலகிக்கொண்டான். அந்தக் கௌரவம் ஒன்றுதான் அவன் சேர்த்த சொத்து.

சின்னவனுடைய குதிரையை விலைக்குக் கேட்டுப் பார்த்தான். "மாமா ஞாபகமா இருக்கட்டும் சகலை" என்று சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மாமனார் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத கண்.

அப்புறம்தான் இந்தத் திட்டம். அக்காவும் தங்கையும் அம்மா வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை, பெரிய ஓட்டலில் சின்னவனுக்கு மதிய விருந்து. பன்னிரண்டு தட்டு, ஒவ்வொன்றாகத்தான் வரும். சாப்பிட்டு எழ மூன்று மணி நேரமாவது ஆகும். அதற்குள் சாவிக்காரன் சின்னவன் வீட்டுக்குள் போய்க் குதிரையை எடுத்து வந்துவிடுவான். சகலைகள் இரண்டு பேர் வீட்டுக்கும் பூட்டு மாட்டியவன் அவன்தான். கதவில் கீறல்கூட விழாது. பெரியவன் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான். வேறு யாரும் இதுவரை மெச்சியதில்லை.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை, சின்னவனின் நாக்கு. வெளியே தண்ணீர் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். கூப்பிட்டவுடன் "வர்றேன் சகலை" என்று அவன் சொன்னதே அதிசயம். இப்போது பிடிக்கவில்லை என்று எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டால்?

இரண்டாவதாக மீன் வந்தது. "கண்ணு என்னையே பாக்குது" என்று அனுப்பிவிட்டான். மூன்றாவது பீட்ரூட். "எனக்கு இந்தக் கலர் ஆகாது. கலர் இல்லாம கொண்டு வாங்க." சர்வர் சமையல்காரரைக் கேட்டு வரப் போனார். வெகு நேரம் ஆளையே காணோம்.

பெரியவன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "அடுத்தது நல்லா இருக்கும் சகலை. கிளம்பிடாதீங்க."

"நான் எங்க கிளம்பப் போறேன்? நிதானமா சாப்பிடுவோம்."

அப்போதுதான் பெரியவனுக்கு உறைத்தது. திருப்பி அனுப்புகிற ஒவ்வொரு தட்டையும் மறுபடி சமைத்தாக வேண்டும். அவ்வளவு நேரமும் சாவிக்காரனுக்கு லாபம். இப்படியொரு சகலை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு அவனே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தான்.

"உப்பு கூட இருக்கோ சகலை?"

"ஆமா, கூடத்தான். தம்பி, இதை மாத்திக் கொண்டு வாங்க."

மாற்றி வந்ததையும் சின்னவன் தொடவில்லை. தட்டு வீணாகக் கூடாதே என்று பெரியவனே சாப்பிட்டான். இரண்டு பேர் சாப்பாடும் ஒரே வயிற்றுக்குள் போனது.

"உங்களுக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்கா சகலை?" என்றான் சின்னவன்.

"இருக்கு. அதை நான் வேலை வாங்குறதில்ல."

"முதலாளி மாதிரியே அதுவும் சும்மா கிடக்குதாக்கும்."

பெரியவன் சிரித்து வைத்தான். இன்னும் கொஞ்ச நேரம்தானே, பேசட்டும்.

கடைசித் தட்டு வந்தபோது அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. 'முடிஞ்சது' என்று சாவிக்காரன் அனுப்பியிருந்தான். சின்னவனும் தன் போனை எடுத்துப் பார்த்தான். அவன் மனைவியாக இருக்கும், சாப்பிட்டீர்களா என்று கேட்டிருப்பாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டை இழுத்து, ஒரு கேள்வி கேட்காமல் வழித்துச் சாப்பிட்டான் சின்னவன்.

"இது என்னன்னு கேக்கலையா?"

"இனிப்பா இருக்கு. போதும்."

பில்லைப் பெரியவன் கட்டினான். சின்னவன் பையைத் தொடுவதுபோலப் பாசாங்குகூடச் செய்யவில்லை. வாசலில் கட்டிப்பிடித்து, "மறக்க முடியாத சாப்பாடு சகலை" என்றான்.

ஓட்டலுக்குப் பின்தெரு பஸ் நிறுத்தத்தில் சாவிக்காரன் உட்கார்ந்திருந்தான். மடியில் இரண்டு துணி மூட்டை. ஒன்றை நீட்டினான்.

"இன்னொண்ணு என்னப்பா?"

"அது வேற பார்ட்டியோடது அண்ணே. அவரும் இங்க வந்துதான் வாங்கிக்கிறேன்னாரு. நீங்க கிளம்புங்க. ஒருத்தர் விஷயம் இன்னொருத்தருக்குப் போகக் கூடாது பாருங்க."

"அதுதான் வேணும். தொழில்ல நேர்மை முக்கியம்" என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான் பெரியவன்.

வீட்டில் பூட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. உள்ளே போய், இரண்டு ஆள் சாப்பாட்டு மயக்கத்தில் பாதிக் கண்ணோடு மூட்டையை அவிழ்த்து, குதிரையைத் தன் குதிரை இருக்கும் அலமாரியிலேயே வைத்தான். ஜோடியாகப் பார்த்து ரசிக்க இரண்டடி பின்னால் நகர்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

அலமாரியில் ஒரே ஒரு குதிரைதான் நின்றுகொண்டிருந்தது, இடது காலைத் தூக்கியபடி.