பகவதி கேட்ட மணி

“பிளாரன்ஸ் அக்கா மாமனாருக்கு நேத்து மணி அடிச்சியளே, எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஏன் அண்ணாச்சி அடிக்கல?”

கோயில் மணி அடிக்கும் மெலிஞ்சியார் வேலை ரோச்சுக்கு. கையிலிருந்த மெழுகுவர்த்திக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலச் செபமாலைக்கு வந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பகவதி கோயில் வாசலில் கால் வைத்தாலே இப்படித்தான். அவள் புருஷன் ஜாய்சனின் வள்ளம் ஆளில்லாமல் கரைக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கூத்து நடக்கிறது.

புன்னைக்காயலில் இருந்தெல்லாம் படகுகள் போய்த் தேடின. உடல் கிடைக்கவில்லை. இனிமேல் கிடைக்காது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் துக்க மணி அடிக்கவில்லை. ஒரு பூசை இல்லை, கல்லறைத் தோட்டத்தில் பெயருக்கு ஒரு சிலுவைகூட இல்லை.

பகவதி உடன்குடிக்காரி. கருப்பட்டிக் கடைக்காரர் மகள். ஜாய்சனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு வந்தவள். ஞானஸ்நானம் வாங்கவில்லை. பெற்ற அப்பா தலைமுழுகிவிட்டார். இங்கே மாமியார் பிலோமினாவோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ஏளா உடன்குடி”தான்.

ஜாய்சன் இருந்தவரைக்கும் அதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை. இப்போது எல்லாமே உறைத்தது. தாலியைக் கழற்றப் போனபோது மாமியார் கையைத் தட்டிவிட்டாளே, அது உறைத்தது. இந்த வீட்டில் விதவையாக இருக்கக்கூட நமக்குத் தகுதி இல்லை போலிருக்கிறது என்று அன்றைக்கு முழுக்க அழுதாள்.

கோயில் முகப்பில் ‘அனைவரும் வருக’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பங்குச்சாமி வரட்டும்மா” என்று ரோச் இழுத்தார்.

“சாமி வந்து என்ன சொல்லப் போறாவ? இந்துப் பொண்ணக் கட்டினவனுக்கு மணி கிடையாதும்பாவ. அதானே?”

“அப்படி யாரும் சொல்லலையேம்மா.”

“வாயத் தொறந்து சொன்னாத்தானா? நான் வந்தா ஒருத்தியும் பேச மாட்டேங்கா. நீங்களும் என்னக் கண்டா உள்ள போயிருதிய. நான் என்ன கூமுட்டையா அண்ணாச்சி, எனக்குப் புரியாதா?”

பெண்களை விலக்கிக்கொண்டு பிலோமினா ஓடி வந்தாள். செபமாலை அவள் விரலில் சிக்கிக் கிடந்தது.

“ஏளா, இங்கன எதுக்கு வந்த? வீட்டுக்குப் போ.”

“போமாட்டேன் மாமி.”

“போன்னா போயேன்.” பிலோமினா அவள் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

பகவதி உதறினாள். “எங்க போவச் சொல்லுதிய? எங்க அப்பாவும் வராதன்னுட்டாவ. அவரு செத்ததுக்கு அழ எனக்கு ஒரு எடம் வேணும் மாமி. இங்கன இல்லாம எங்க போயி அழுவேன்?”

பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுதான் அவளை வெறிபிடிக்க வைத்தது.

“அண்ணாச்சி, மணி அடிங்க.”

ரோச் மெழுகுவர்த்திக் கட்டைக் கீழே வைத்தார். “நீயேதான் சொல்லுதியாம்மா? யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்க என்ன இருக்கு? நான் அவரு பொண்டாட்டி. அவரு செத்துப் போனாரு. மணி அடிங்கன்னு நான்தான் சொல்லுதேன்.”

பிலோமினா அவள் கையை விட்டுவிட்டாள்.

ரோச் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மணி ஒற்றையாக விழுந்தது. சற்று விட்டு இன்னொன்று.

பகவதிக்கு முதலில் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலைப் பார்த்து நடந்து வந்தார்கள். பெண்கள் ஓவென்று அழுதபடி அவளைச் சுற்றிக்கொண்டார்கள். யாரோ அவள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுவிட்டார்கள். பிளாரன்ஸ் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“நீ இந்த வாசல்ல காலு வச்சாலே எங்களுக்கு ஈரக்கொலை நடுங்கும் பகவதி. இன்னைக்குச் சொல்லிருவியோ, இன்னைக்குச் சொல்லிருவியோன்னு. கடைசில சொல்லிட்டியே.”

பகவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிலோமினா மணலில் விழுந்து கிடந்தாள். பகவதி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஏம்ளா சொன்ன?” என்றாள் பிலோமினா. “இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா?”

“நான் என்ன மாமி சொன்னேன்? மணிதானே கேட்டேன்.”

பிலோமினா அழுகையை நிறுத்திவிட்டு மருமகளையே பார்த்தாள்.

“உனக்குத் தெரியாதா? உன்ட்ட யாருமே சொல்லலையா?”

“என்னது?”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிலோமினா பகவதியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கடல்ல காணாமப் போனவனுக்குப் பெத்தவ கேட்டாலும் மணி அடிக்க மாட்டாவ, சாமி சொன்னாலும் அடிக்க மாட்டாவ. இந்த ஊர்ல அது கட்டினவ வாயால வரணும் பகவதி. நீ சொல்லாத மட்டும் எம்புள்ள உசுரோட இருந்தாம்ளா.”