டிரம் இல்லாத கேரல்

2024 டிசம்பர் 22, ஞாயிறு மாலை. காரக்கோணம் அருகே ஒரு சபையின், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் குழு, டிரம்மை ஜீப்பிலேயே விட்டுவிட்டு, தேவநேசனின் வீட்டு வாசலில் தாழ்ந்த குரலில் பாடியது. கல்லூரியில் படிக்கும் மகன் அபினுக்கு ஆட்டிசம், டிரம் என்றால் பயம், அதனால் இந்த வருஷம் வரவேண்டாம் என்று கமிட்டியில் தேவநேசனே சொல்லியிருந்தார். ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட மனமில்லாமல் வந்திருந்தார்கள்.

அபின் கதவைத் திறந்தான். “டிரம் எங்க?”

“உனக்குப் பயமுண்டுல்லா மக்கா,” என்றார் குழுத் தலைவர் எலியா.

“டிரம் கேட்டாத்தான் நீங்க வாறது தெரியும். சத்தமில்லாம வந்து நிக்கியதாக்கும் பயம்.”

“பின்ன, போன வருசம் உள்ள கெடந்து அலறினது ஆரு?”

“அப்பா. நம்ம கடையில ஒருத்தன் முகமூடி போட்டுட்டு வந்து கத்தி காட்டினான். அதுக்குப் பிறவு முகமூடிய கண்டா ஓடிருவாரு. இப்போ பாத்ரூமில உண்டு.”

எல்லோரும் குழுவில் ரப்பர் முகமூடி போட்டு வந்திருந்த கிறிஸ்துமஸ் தாத்தா வேஷக்காரனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“எலே ஜினு, அத கழத்து,” என்ற எலியா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “தேவநேசா, நம்ம ஜினுவாக்கும்.”

ஜினு முகமூடியைக் கழற்றி ஜீப்பில் வைத்தான். அபின் டிரம்மை எடுத்து வந்து அடித்தான். இரண்டாவது பாட்டில் பாத்ரூம் கதவு திறந்தது.