மாமனார் சொன்ன வசவு

"லேண்ட்லப்பர்னா என்ன சார் அர்த்தம்?" மூச்சிரைக்க நூலகத்துக்குள் நுழைந்தவர் கேட்டார்.

நூலகர் அகராதியை இழுத்துக்கொண்டார். "யாரு சொன்னது?"

"என் மாமனார். காலையில அவர் மேல தண்ணியைக் கொட்டிட்டேன். பொண்டாட்டி முன்னாடியே திட்டிட்டார்."

"கப்பல்காரங்களோட வசவு. கடல் பழக்கமில்லாத ஆளை இளக்காரமா சொல்றது. பெரியவர்தானே, மனசுல வெச்சுக்காதீங்க."

"கப்பலா? ஆமா, கல்யாணத்துக்கு முந்தி கப்பல்ல சமையல்காரரா இருந்தாராம்!" வந்தவரின் முகம் மலர்ந்தது.

"திட்டு வாங்கிட்டு இப்படிச் சிரிக்கிறீங்களே?"

"பக்கவாதத்துல பேச்சு போய் பல மாசமாச்சு சார். ஆண்டவன் புண்ணியத்துல இன்னைக்குத்தான் வாயைத் திறந்தார். முதல் வார்த்தையே இதுதான். என் பொண்டாட்டி அழுதே போயிட்டா. இந்த வார்த்தை எங்கேருந்து வந்ததுன்னு தேடி, அதைப் பத்தியே பேச்சுக் கொடுங்க, மத்ததும் வரும்னு டாக்டர் சொன்னார்."

நூலகர் எழுந்துபோய், பழைய கப்பல்களின் படங்கள் நிறைந்த தடித்த புத்தகம் ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்.

"இதை வெளியே தர்றதில்ல. நீங்க எடுத்துட்டுப் போங்க. பக்கம் பக்கமா அவருக்குக் காட்டி, இன்னும் நாலு திட்டு வாங்குங்க."