இறுக்கிப் பிடித்த கயிறு

உப்பங்கழிக் கரையில் இன்னாசி தன் கயாக் படகுக்கு ஒரு ஸ்டாண்டு கட்டினார். சவுக்குக் கட்டையில் இரண்டு அகலமான கைகள், மேலே தகரக் கூரை. படகைத் தூக்கி அதில் வைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நைலான் கயிற்றையும் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து கயிறு பல்லைக் கடித்துக்கொண்டு படகை இறுக்கியது.

"கொஞ்சம் தளர்ந்துக்கோயேன். இன்னைக்குக் காத்தே இல்லையே" என்றது படகு.

"நான் விட்டா நீ விழுந்துடுவே" என்றது கயிறு.

கோடை போய் மழைக்காலம் வந்தது. கயிறு நார் நாராகப் பிரிந்தது. "முடியலை, முடியலை" என்று முனகிக்கொண்டே இறுக்கியது. படகின் வயிற்றில் பள்ளம் விழுந்தது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போன படகு, பேச்சையே நிறுத்திவிட்டது.

ஒரு சாயங்காலம் லேசாகத்தான் காற்று வந்தது. அதற்கே கயிறு அறுந்து தரையில் விழுந்தது. படகு உருண்டுவிழும் சத்தத்துக்காகக் கயிறு கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"இருக்கியா?" என்று மெதுவாகக் கேட்டது.

"இங்கேதான் இருக்கேன். இந்தக் கட்டைங்க தாங்குதே."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

படகு எட்டிப் பார்த்தது. ஈர மணலில் கிடந்தபடியே கயிறு தூங்கிப்போயிருந்தது.